இருநூற்றுப் பதினாறாம் படி

நாகசாகி,
பிப்ரவரி 11

அளவில்லா ஒளியாகவும் அளவில்லா ஆயுளாகவும் நிற்கும் அமித புத்தரின் திருநாமத்தை முன்வைத்து, அதன் நிழலில் இக்கடிதத்தைத் தொடங்குகிறேன்.

அன்புத் தங்கை சதாயெவுக்கு அண்ணன் ஷிகெனோபு எழுதுவது.

இங்கே பிளம் மொட்டுகள் வாய் திறக்கத் தொடங்கிவிட்டன. காற்றில் குளிரின் முனை மட்டும் இன்னும் மழுங்கவில்லை. டோக்கியோவில் பனி விழுந்ததாகச் செய்தித்தாளில் கண்டேன். நீயும் மகன் தகாஃபுமியும் மருமகள் நத்ஸுயெயும் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். நான் நலம். காது மட்டும் போன ஆண்டைவிட இன்னொரு கதவை மூடிக்கொண்டது. தொலைபேசி மணி அடித்தால், அக்கம்பக்கத்தில் மீன் விற்கும் உராதா அம்மாள் ஓடிவந்து சொன்னால்தான் எனக்குத் தெரிகிறது. ஆகவே பேச நினைப்பதையெல்லாம் எழுதிவிடு.

உன் புத்தாண்டுக் கடிதத்தை வீட்டுப் புத்தர் பீடத்தில் வைத்து வணங்கியபின் மறுபடியும் எடுத்துப் படித்தேன். நாற்பத்தொரு ஆண்டு கழித்து இங்கேயே வந்து தங்க விரும்புகிறாய். உன் அண்ணி காலமானபின் மேற்குப் பார்த்த அறை காலியாகவே கிடக்கிறது. பாய்களை மாற்றச் சொல்லிவிட்டேன்.

வழி கேட்டிருந்தாய். டிராமைவிட்டு ஷியான்பாஷியில் இறங்கு. மலையை முகத்துக்கு நேரே வைத்து நட. சீனக் கோயிலின் செந்நிற வாயில் வலப்புறம் பழுத்த மாதுளைபோலத் தெரியும். அதைத் தாண்டினால் கற்படிகள். ஏறுகையில் திரும்பிப் பார்க்க மறவாதே. ஒவ்வொரு பத்துப் படிக்கும் துறைமுகம் சிறிது சிறிதாகச் சிறகு விரித்து, கடைசியில் கொக்கொன்று நீரில் படுத்திருப்பதுபோல ஆகிவிடும். வழிகாக்கும் ஜிஸோ சாமியின் கற்சிலை நிற்குமிடத்தில் வழி மூன்றாகப் பிரியும். இடது வழி நம்முடையது. எந்த இடத்தில் நின்றால் எதிர்க்கரையின் இனாசா மலை ஒரு கூரையாலும் வெட்டுப்படாமல் முழுமையாகத் தெரிகிறதோ, அதுவே நம் வாசல். தவறவே முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். திருநாமம் துணை நிற்கட்டும்.

அண்ணன்
ஷிகெனோபு

*

டோக்கியோ, நெரிமா,
பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

பனி உருகிவிட்டது. நாங்கள் நலம். இந்தக் கையெழுத்து நத்ஸுயெயுடையது. என் மணிக்கட்டில் வலி இருப்பதால் நான் சொல்ல அவள் எழுதுகிறாள்.

புத்தாண்டுக் கடிதத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். அங்கே வந்து இருப்பது என் விருப்பத்தில் மட்டும் இல்லை. தகாஃபுமி என் எதிரே உட்கார்ந்து பேசினான்.

"அம்மா, சைதாமால ஒரு முதியோர் இல்லம் பாத்திருக்கேன். ஆகஸ்ட் கடைசி வரைக்கும் அறையைப் பிடிச்சு வைக்கிறேன்னு சொல்லியிருக்காங்க."

"நான் நாகசாகிக்குப் போறேன்."

"அந்தப் படிக்கட்டுல எனக்கே மூச்சு வாங்கும். மாமாவுக்குக் காது கேக்காது. நீ விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?"

"விழமாட்டேன்."

"சரி. ஆகஸ்ட்ல ஓபோன் முன்னோர் திதிக்கு ரெண்டு பேரும் போவோம். டிராம் நிறுத்தத்துல இருந்து மாமா வாசல் வரைக்கும் யார் கையையும் பிடிக்காம நீயே ஏறிக் காட்டு. பத்துப் படி தள்ளிப் பின்னாடி வர்றேன். போய்ச் சேந்துட்டா அங்கயே இரு. இல்லேன்னா சைதாமா."

"எழுதிக் குடு."

எழுதியே கொடுத்தான், முத்திரையும் குத்தி.

ஆகவே அண்ணா, உங்கள் கொக்கும் மாதுளையும் இப்போது வேண்டாம். இவற்றைச் சொல்லுங்கள். கைப்பிடிக் கம்பி எந்தப் பக்கம்? மொத்தம் எத்தனை படி? எந்தக் கல் தேய்ந்திருக்கிறது? ஜிஸோ சாமிக்கு முன் தரை மாறுகிறதா? எங்கே என்ன சத்தம், என்ன வாசனை?

மழையில் படி வழுக்கும், கவனம்.

தங்கை
சதாயெ

மாமா, இது நத்ஸுயெ தனியாகச் சேர்ப்பது. அத்தைக்குத் தெரியாது. மணிக்கட்டு நன்றாகவே இருக்கிறது. கண்தான் போய்விட்டது. ஒன்றரை ஆண்டாக வெளிச்சம், இருட்டு என்ற வேறுபாடு மட்டும்தான் தெரிகிறது. உங்களுக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

*

நாகசாகி,
மார்ச் 30

எல்லா உயிரையும் கைவிடாத கருணைக்கு வணக்கம்.

தங்கை சதாயெவுக்கு.

செர்ரி மரங்கள் பூத்துவிட்டன. பதில் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள். நீ கேட்டவற்றைச் சரியாகத் திரட்ட ஒரு மாதம் ஆயிற்று.

படிகளை ஜபமாலை கொண்டு எண்ணினேன். படிக்கொரு மணி, மணிக்கொரு திருநாமம். நூற்றெட்டு மணியும் தீர்ந்து, மறு சுற்றும் தீர்ந்தபோது நம் வாசல் தூணருகே நின்றேன். மொத்தம் இருநூற்றுப் பதினாறு படிகள். மூன்று நாள் எண்ணினேன், மூன்று நாளும் அதே கணக்கு.

கைப்பிடிக் கம்பி தொண்ணூறாம் படி வரை வலப்புறம், பிறகு இடப்புறம். அறுபதாம் படியில் ஜிஸோ சாமி. அங்கே கல் முடிந்து நாலடி அகலத்துக்கு சிமெண்டுத் தளம். சாமி உன் இடுப்பளவு உயரம். இடது பாதையின் முதல் படி நடுவில் கிண்ணம்போலத் தேய்ந்தது. மற்ற இரண்டு பாதைகளின் முதல் படி தேயவில்லை. வாசல் தூண் இடக்கைக்கு எட்டும், கருங்கல்.

சத்தம் கேட்டிருந்தாய். அதற்கு என் காது உதவாது என்பதால் உராதா அம்மாளை முப்பதாம் படியில் நிறுத்தினேன்.

"அம்மா, இங்க என்ன சத்தம் கேக்குது?"

"உங்க சத்தம்தான் கேக்குது. ஊரையே கூட்டுற மாதிரி கத்துறீங்க."

"அதை விட்டுட்டுச் சொல்லுங்க. என் தங்கச்சிக்கு எழுதணும்."

மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் காதைத் தீட்டினாள். "அடியில தண்ணி ஓடுது," என்றாள். "முப்பது வருஷமா ஏறி இறங்குறேன், இன்னிக்குத்தான் காதுல விழுது."

நாவிதர் இவானாகா தாமாகவே முன்வந்தார். "நூத்தி இருபதாவது படி என் கடை. கதவைத் தொறந்தா கிறீச்சுன்னு கேக்கும். எண்ணெய் போடுன்னு வீட்டுல ஒரு வருஷமாச் சொல்றா. ஆகஸ்ட் வரைக்கும் போடக்கூடாதுன்னு ஷிகெனோபு ஐயா உத்தரவுன்னு சொல்லிடறேன்."

இருநூற்றுப் பத்தில் மத்ஸுவோ வீட்டுச் சோயா கொதிக்கும் வாசனை. அது மாலையில் மட்டும் என்று அவர்கள் வீட்டு மருமகள் திருத்தினாள்.

எண்ணிக்கையை மனனம் செய். திருநாமம் துணை.

அண்ணன்

*

நெரிமா,
ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

பூ உதிர்ந்து வாசலெல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பதாக நத்ஸுயெ சொல்கிறாள். உங்கள் குறிப்பு பொன்னானது. எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடி வரை எழுபத்திரண்டு படி. மூன்று முறை ஏறினால் நம் வாசல். தினமும் காலையில் ஒரு முறை நாகசாகிக்குப் போய்வருகிறேன்.

நேற்று கட்டடக் காவலர் வழிமறித்தார். "அம்மா, லிஃப்ட் நல்லாத்தான் வேலை செய்யுது."

"தெரியும் தம்பி. எனக்குத்தான் வேலை இல்ல."

"எண்றதையாவது மெதுவா எண்ணுங்க. நாலாம் மாடிக்காரர் புகார் சொல்றார்."

இப்போது உதட்டுக்குள் எண்ணுகிறேன். முழங்கால் தேறிவருகிறது. இறங்கும்போது கம்பி எந்தப் பக்கம் மாறுகிறது என்பதை மட்டும் அடுத்ததில் எழுதுங்கள்.

தங்கை
சதாயெ

*

நாகசாகி,
ஏப்ரல் 29

திருநாமம் போற்றி.

தங்கைக்கு. காசாகஷிரா மலையுச்சியில் பட்டம் விடுகிறார்கள். நான் போகவில்லை. வலக்கைக்குச் சற்று ஓய்வு கொடுத்திருப்பதால் இடக்கையால் எழுதுகிறேன், கோணல் இருந்தால் பொறுத்துக்கொள். பெரிதாக ஒன்றும் இல்லை.

இறங்கும்போது கம்பி அதே பக்கங்களில்தான், உன் கைதான் மாறும். நாற்பதாம் படியின் விளிம்பு உடைந்திருக்கிறது. அங்கே கால் வைக்குமுன் கோலை ஊன்று. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அண்ணன்

*

நெரிமா,
மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

இளந்தளிர்க் காலம். இங்கே எல்லாரும் நலம். நீங்கள் நலமில்லை என்று எனக்குத் தெரியும்.

உங்கள் முதல் கடிதத்தில் துறைமுகம் இருந்தது, செந்நிற வாயில் இருந்தது, மலை இருந்தது. இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. கல், கம்பி, எண். ஏழு வயதிலிருந்து மழை பெய்தால்கூட ஐந்தடியில் பாட்டுக் கட்டுகிற என் அண்ணன், செர்ரி பூத்ததை மூன்று சொல்லில் முடித்துவிட்டார். அத்தோடு, தேநீர்க் கெட்டில் ஊதுவது கேட்காத மனிதர் படிகளுக்கடியில் தண்ணீர் ஓடுவதைத் தேடியலைகிறார். உடனே புரிந்துவிட்டது, நத்ஸுயெ சொல்லிவிட்டாள் என்று. இதை எழுதும்போது அவள் பேனா நின்றுவிட்டது. எழுது பெண்ணே, நான் கோபப்படவில்லை.

நாற்பதாம் படி எப்படி உங்களுக்கு அவ்வளவு உறுதியாகத் தெரியும்? கண்ணைக் கட்டிக்கொண்டு ஏறிப்பார்த்தீர்கள். விழுந்தீர்கள். இதைத் தகாஃபுமியிடம் சொல்லமாட்டேன். இனி அப்படிச் செய்யாதீர்கள்.

நான் மறைத்தது தவறுதான். உங்கள் கடிதங்கள் மாறிவிடுமோ என்று பயந்தேன். மாறியே விட்டன. அண்ணா, எண்ணிக்கை என் காலுக்கு. அது போதுமான அளவுக்குக் கிடைத்துவிட்டது. கொக்கையும் மாதுளையையும் எனக்குத் திருப்பிக் கொடுங்கள். எங்கே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். நான் திரும்புவேன்.

தங்கை
சதாயெ

*

நாகசாகி,
ஜூன் 12

மேற்குத் திசையில் பேரின்ப நாட்டை விரித்துவைத்து, அங்கே குருடரும் செவிடரும் இல்லை என்று வாக்களித்த அமித புத்தருக்கு வணக்கம்.

தங்கை சதாயெவுக்கு.

மழைக்காலம் பிறந்துவிட்டது. மோகி கிராமத்து லோகாட் பழங்களைத் தனியே அனுப்பியிருக்கிறேன். என் கை கட்டவிழ்த்தாயிற்று. நீ சொன்னதெல்லாம் உண்மை. கண்ணில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என்னைத் தூக்கிவிட்ட உராதா அம்மாள், "இந்த வயசுல கண்ணாமூச்சியா?" என்று கேட்டாள். அவளிடம் உண்மையைச் சொன்னேன். அன்று மாலைக்குள் சரிவு முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

உன் கடிதத்தைப் படித்தேன். பிறகு குடை பிடித்து இறங்கி, மறுபடியும் ஏறினேன், இந்த முறை உனக்காகப் பார்த்துக்கொண்டு.

இருபதாம் படியில் நின்று திரும்பு. கூரைகள் மட்டும்தான், கருத்த ஓடுகள், மழையில் மீன்முதுகுபோல மினுக்குகின்றன. முப்பத்தைந்தில் இரண்டு கூரைகளின் இடுக்கில் கடல் ஒரு விரலளவு. அதைப் பார்த்ததும் உன் மூச்சு மாறும், எனக்கும் மாறுகிறது. ஜிஸோ சாமிக்குச் சிவப்பு மார்புத் துணி புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். கூம்பிய உதட்டில் பாசி படர்ந்து, யாரோ சொன்ன வேடிக்கைக்குச் சிரிப்பை அடக்கிக்கொள்வதுபோல நிற்கிறார்.

நூறாம் படியில் கடல் உள்ளங்கையளவு ஆகிறது. எதிர்க்கரையில் கப்பல் கட்டும் தளத்தின் பாரந்தூக்கி ஒன்று பசுமைக்கு நடுவே கழுத்தை நீட்டுகிறது. சிறுவயதில் அதை நீ ஒட்டகம் என்பாய். நூற்றெண்பதில் நிற்பாயானால் வடக்கே மலைமுகடு தெரியும். அந்த ஆகஸ்டு அணுகுண்டின் வெளிச்சத்தை அது குறுக்கே நின்று மறைத்ததால்தான் நீயும் நானும் இன்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அங்கே நான் தினமும் தலை குனிவேன். நீயும் குனி.

பிறகு நம் வாசல். துறைமுகம் முழுவதும். இரண்டு பக்கமும் மலை இறங்கிவந்து நீரைக் கையில் ஏந்தியிருக்கிறது. படகுகள் போன தடம் நெடுநேரம் வெள்ளையாய் நின்று, பிறகு தானே மறக்கிறது. மாலை ஆறே முக்காலுக்கு இனாசாவின் பின்னால் ஒளி இறங்கும்போது, திருநூலில் பொன் தரை என்று படித்ததை இந்த ஊர் நீரின்மேல் போட்டுக் காட்டுகிறது. எழுபத்துநான்கு ஆண்டு பார்த்தும் எனக்குச் சலிக்கவில்லை. தினமும் மாலையில் உனக்குச் சொல்கிறேன். வந்துவிடு.

அண்ணன்
ஷிகெனோபு

*

நெரிமா,
ஜூலை 18

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

வெயில் ஏறிவிட்டது. பழம் இனித்தது. கடிதத்தை நத்ஸுயெ நான்கு முறை வாசித்தாள். நான்காவது முறை அவளே, "அந்த ஒட்டகத்தை நானும் பாக்கணும் அத்தை," என்றாள்.

ஆகஸ்டு 14, காலை ஒன்பது மணி டிராம். தகாஃபுமியைக் கடினமானவன் என்று நினைக்காதீர்கள். சென்ற ஆண்டு ரயில் மேடையில் நான் விளிம்பு தாண்டிக் கால் வைத்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அன்றிரவு தகாஃபுமி சோறு உண்ணவில்லை. பயம்தான் அவனைப் பேசவைக்கிறது. ஆகவே ஏமாற்றாமல் ஏறிக்காட்ட வேண்டும். நீங்கள் வாசலில் நில்லுங்கள், ஆனால் குரல் கொடுக்கக்கூடாது. எனக்கு வாக்குக் கொடுங்கள். உங்கள் குரலைப் பிடித்துக்கொண்டு ஏறினால், உங்களுக்குச் சளிப் பிடிக்கிற அன்று நான் எங்கே போவேன்?

தங்கை
சதாயெ

*

நாகசாகி,
ஆகஸ்டு 21

பேரொளிக்கு வணக்கம்.

மருமகள் நத்ஸுயெவுக்கு ஷிகெனோபு மாமா எழுதுவது. வெயில் தணியாத இந்நாளில் தனியாக வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நீ நலமா? உன் அத்தை நலம். தொலைபேசியில் உன் கணவன் சுருக்கமாகச் சொல்லியிருப்பான். முழுதும் நீ அறிய வேண்டும். உன் பேனா இல்லாவிடில் இது நடந்திருக்காது.

பதினான்காம் தேதி காலை வாசலில் நின்றேன். கீழே சந்துமுனையில் மறுநாள் ஊர்வலத்துக்காக, இறந்தோரின் ஆவியை வழியனுப்பும் படகுக்கு விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கோலும் ஓலைத் தொப்பியுமாக உன் அத்தை ஏறிவந்தாள். பத்துப் படி பின்னால், கையில் பெரிய பையோடு தகாஃபுமி. அவள் நின்றால் அவனும் நின்றான். இருபதில் அவள் திரும்பினாள். முப்பத்தைந்தில் திரும்பினாள். கடலைப் பார்க்கிற முகத்தோடு மூச்சிழுத்தாள். ஜிஸோ சாமியின் தலையைத் தடவி, சிமெண்டுத் தளத்தைக் கோலால் அளந்து, தேய்ந்த படியைக் காலால் கண்டுபிடித்து இடப்புறம் ஏறினாள். அந்தப் பாதையில் வளர்ந்தவனுக்கும் அவ்வளவு அழகாக ஏறத் தெரியாது.

உதடு எண்ணிக்கொண்டே வந்தது. எனக்கு இரண்டு படி கீழே நின்று, முகம் மலர்ந்து, வாசல் தூணுக்காக இடக்கையை நீட்டினாள். கை தொட்டது மத்ஸுவோ வீட்டுத் தபால் பெட்டியை. மூடியை இரண்டு முறை தடவிப் பார்த்தாள். மலர்ச்சி அணைந்துவிட்டது.

அந்தக் கணத்தில் என் பிழை எனக்கு விளங்கியது. ஜபமாலையில் நூற்றெட்டு மணிக்குப் பிறகு தாய்மணி ஒன்று உண்டு. அதன்மேல் திருநாமம் சொல்வதில்லை, எண்ணுவதில்லை, தலை மட்டும் வணங்குவோம். சுற்றுக்கொரு முறை நான் வணங்கினேன். வணங்கும்போதும் கால் ஒரு படி ஏறிவிட்டது. இரண்டு சுற்று, இரண்டு படி. மூன்று நாளும் அதே பக்தியோடு அதே தப்பை எண்ணியிருக்கிறேன்.

அவளோ ஜிஸோ சாமியிடமே பாதை தவறிவிட்டோம் என்று எண்ணிவிட்டாள். உடலைத் திருப்பி, கீழ்ப்படிக்குக் கோலை இறக்கினாள். தகாஃபுமி பையைக் கீழே வைத்தான். நான் வாயைத் திறந்தேன், வாக்கு நினைவு வந்து மூடினேன். என் தங்கை என்னைவிட்டு இரண்டு கைநீளத்தில் நின்று, என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு படிகூட அவள் இறங்கவில்லை. நிமிர்ந்து நின்று ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. சரிவின் இரு பக்கமும் ஜன்னல்கள் திறப்பதை மட்டும் கண்டேன். அங்கே பேசப்பட்டதை அன்று மாலை உராதா அம்மாள் என் காதருகே வந்து, ஆளுக்கொரு குரலில் நடித்தே காட்டினாள்.

உன் அத்தை கேட்டது இது: "யாராச்சும் இருக்கீங்களா? ஷிகெனோபு வீட்டுக்குப் போகணும். நான் எங்க நிக்கிறேன்?"

"இன்னும் ரெண்டு படி மேல, அம்மா," என்றாள் மத்ஸுவோ வீட்டு மருமகள், பல் துலக்கும் நுரையோடு.

"ரெண்டு இல்ல, மூணு," என்று எதிர் வீட்டிலிருந்து அவள் மாமனாரின் தம்பி.

"மூணாவது வாசப்படி, சித்தப்பா. அதை எதுக்குச் சேக்கிறீங்க?"

"இடது பக்கம் பூந்தொட்டி இருக்கு, பாத்து," என்று கீழிருந்து இவானாகா, பாதி மழித்த வாடிக்கையாளரோடு.

"அந்தத் தொட்டியை எடுன்னு நான் போன மாசமே சொன்னேன். யாரு கேக்குறா?"

இதற்குள் மீன் கூடையோடு ஏறிவந்த உராதா அம்மாள் தகாஃபுமியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், யாருப்பா நீ? கீழே இருந்தே பாத்துக்கிட்டு வர்றேன். கண்ணு தெரியாத அம்மா பின்னாடி பதுங்கிப் பதுங்கி வர்றே. அவங்க நின்னா நிக்கிறே. பையில என்ன?"

"நான்... நான் அவங்க மகன்."

"மகனா? மகன்னா பக்கத்துல வருவான். பத்துப் படி தள்ளி வர்றவனுக்கு எங்க ஊருல வேற பேரு."

"போலீசைக் கூப்பிடவா?" என்று இவானாகா சவரக்கத்தியோடு நாலு நாலு படியாகத் தாவி வந்தார்.

"விடுங்க, மகன்தான்," என்றாள் உன் அத்தை. "கொஞ்சம் பயந்த சுபாவம்."

பிறகு இரண்டு படி ஏறி, தூணைத் தொட்டு, என் கையைத் தேடிப் பிடித்தாள். காதில் வாய் வைத்துச் சொன்னாள்: "அண்ணா, இத்தனை வருஷமா உங்க வீட்டுக்கு ரெண்டு படி கீழயே குடியிருந்திருக்கீங்க."

அன்று அந்தியில் குடும்பத்துக் கல்லறைக்குப் போனோம். விளக்கேற்றி, வழக்கம்போல் முன்னோருக்குப் பட்டாசு கொளுத்தினோம். சரிவெங்கும் எல்லார் கல்லறையிலும் வாணவேடிக்கை.  உன் அத்தை, உன் கணவன் இருவர் உதட்டையும் பார்த்துக்கொண்டிருந்ததால் இந்தப் பகுதி எனக்கே தெரியும்.

"யார் கையையும் பிடிக்கக்கூடாதுன்னு எழுதினே. பிடிச்சேனா?" என்றாள் அவள்.

"பிடிக்கல."

"வழிதான் கேட்டேன்."

"கேட்டே." சட்டைப்பையிலிருந்து முத்திரை குத்திய அந்தத் தாளை எடுத்து, மடிப்பைப் பிரித்து, மறுபடி மடித்தான். "பதினோரு வருஷமா ஒரே கட்டடத்துல இருக்கோம்மா. எதிர் வீட்டுக்காரர் பேரு எனக்குத் தெரியாது."

 சைதாமாவைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவனைக் காணோம். ஹமனோமாச்சி கடைத்தெரு வரை போய், ஒரு பெரிய பொட்டலத்தோடு வந்தான். உள்ளே கைத்துண்டுகள். நம் வழக்கம் நீ அறிந்ததே. புதிதாகக் குடிவருபவர் எதிர் மூன்று வீட்டுக்கும் பக்கத்து இரண்டு வீட்டுக்கும் சிறு பரிசு கொடுத்துத் தலை வணங்குவர். ஐந்து துண்டு போதும். அவன் முப்பத்தொன்று வாங்கியிருந்தான். டிராம் தெரு முனையில் தொடங்கி, படிகளின் இரு பக்கமும் ஒரு வீடு விடாமல், நல்ல வெயிலில், கோட்டுப் போட்டுக்கொண்டு ஏறினான். ஒவ்வொரு வாசலிலும் இடுப்பு வளைய வணங்கி ஒரே வாக்கியம் சொன்னானாம்: "எங்கம்மா இன்னிலேருந்து இங்க குடியிருக்காங்க. அவங்க கூப்பிட்டா பதில் சொல்லுங்க."

உராதா அம்மாள் துண்டை வாங்கி முகர்ந்து பார்த்து, "முப்பத்தோரு வணக்கம் போட்டா முதுகு பிடிச்சுக்கும். வெந்நீர்ல குளி, பக்கத்துலயே வா," என்று ஒரு காய்ந்த மீன் கட்டைக் கொடுத்தனுப்பினாள்.

கடைசித் துண்டை அவன் எனக்குக் கொடுத்தான். எனக்கும் அதே வாக்கியத்தைச் சொன்னான், இரண்டு முறை, இரண்டாவது முறை உரக்க.

மேற்குப் பார்த்த அறையில் உன் அத்தை இப்போது தூங்குகிறாள். ஆறே முக்காலுக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறாள், இன்றைய ஒளியைக் கேட்க வேண்டுமாம். அக்டோபர்த் திருவிழாவுக்கு நீங்கள் இருவரும் வாருங்கள். வழி தெரியாவிட்டால் முதல் படியில் நின்று குரல் கொடுங்கள்.

உன் வீட்டுக்கும், இக்கடிதம் எவர் கையில் சேர்ந்து எவர் வாசித்தாலும் அவர் வீட்டுக்கும், அழைத்தால் திறக்கிற ஜன்னல்களையும் இருட்டில் தவறாத காலையும் அளவில்லா ஒளி அருள்க. அந்த இல்லங்களில் முதியோர் அச்சமின்றித் துயில்க. இளையோர் அவர் அருகிலேயே நடப்பாராக.

மாமா
ஷிகெனோபு